கணவாய்க் காற்றும் ஐம்பது பாஸ்கலும்

கொல்லங்கோட்டில் நின்று தெற்கே பார்த்தால் நெல்லியாம்பதி மலை செங்குத்தாக எழுந்து நிற்கிறது. வடக்கே வெகு தொலைவில் நீலகிரியின் சரிவு. இரண்டுக்கும் நடுவே ஏறத்தாழ 30 கிலோமீட்டர் அகலத்துக்கு மேற்குத் தொடர்ச்சி மலை இல்லவே இல்லை. பாலக்காட்டுக் கணவாய் என்று பள்ளிப் புத்தகத்தில் ஒரு வரியில் படித்துவிட்டுக் கடந்த இடம் இதுதான். ஜூன் முதல் ஆகஸ்ட் வரை தென்மேற்குப் பருவக்காற்று இந்த இடைவெளியில் நுழைந்து பொள்ளாச்சி, உடுமலைப் பக்கம் பாய்கிறது. மார்கழி, தை மாதங்களில் அதே வழியாக வறண்ட கிழக்குக் காற்று கேரளத்துக்குள் வருகிறது. கஞ்சிக்கோட்டில் கேரள மின்வாரியம் காற்றாலை வைத்ததும், பல்லடத்திலிருந்து உடுமலை வரை காற்றாடிகள் வரிசை கட்டி நிற்பதும் இந்தக் காற்றை நம்பித்தான்.

இந்த அத்தியாயத்தில் வரும் கருவிக்கோ இதே காற்று பரம எதிரி. ஒரு கட்டடம் எவ்வளவு காற்றைக் கசியவிடுகிறது என்று அளக்கும் கருவி அது. ஆங்கிலத்தில் வழங்கும் பெயர் ப்ளோயர் டோர். தமிழில் இன்னும் பெயர் நிலைக்கவில்லை. நாம் கசிவுமானி என்று வைத்துக்கொள்வோம். பார்ப்பதற்குப் பெரிய சங்கதி ஒன்றுமில்லை. வாசல் நிலைக்குள் நெருக்கமாகப் பொருந்தும்படி விரிக்கக்கூடிய அலுமினியச் சட்டம், அதன்மேல் இழுத்துக் கட்டிய காற்றுப் புகாத துணி, துணியில் ஒரு வட்டத் துளை, துளையில் ஒரு பெரிய மின்விசிறி. கூடவே அழுத்த வேறுபாட்டை அளக்கும் மானோமீட்டர் ஒன்றும் சில மெல்லிய ரப்பர் குழாய்களும். ஜன்னல்களையெல்லாம் சாத்திவிட்டு விசிறியை ஓட்டினால் வீட்டுக் காற்று வெளியே போகிறது. உள்ளே அழுத்தம் குறைகிறது. போன காற்றை ஈடுகட்ட, சந்துபொந்துகள் வழியாக வெளிக்காற்று உள்ளே வருகிறது. அழுத்த வேறுபாட்டை ஒரே அளவில் நிறுத்திவைக்க விசிறி எவ்வளவு காற்றைத் தள்ள வேண்டியிருக்கிறதோ, அதுதான் கசிவு.

குளிர்நாட்டுக்காரர்கள் கண்டுபிடித்தது இது. ஸ்வீடனில் 1977 வாக்கில் ஜன்னலில் விசிறியைப் பொருத்தி வீடுகளைச் சோதித்தார்கள். அங்கிருந்து அமெரிக்காவின் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்துக்குப் போய் வாசலில் பொருத்தும் வடிவம் பெற்றது. எண்ணெய் விலை எகிறிய காலம். வீட்டைச் சூடாக்கும் செலவு எங்கே போகிறது என்று தெரிந்தாக வேண்டியிருந்தது. அங்கே ஆய்வு செய்த ஹார்யே, கௌதம் தத், பேயா ஆகிய மூவரும் 1979இல் ஒரு வேடிக்கையைக் கண்டார்கள். எல்லோரும் ஜன்னலையும் கதவையும் சந்தேகப்பட்டுக்கொண்டிருக்க, சுவர்களுக்குள்ளும் கூரைக்கடியிலும் யார் கண்ணிலும் படாத மறைவழிகள்தான் அதிகக் காற்றைக் கடத்திக்கொண்டிருந்தன.

வீடுகளில் அளவு எடுக்கும் அழுத்தம் பெரும்பாலும் 50 பாஸ்கல். கேட்பதற்குப் பெரிதாக இருந்தாலும், 5 மில்லிமீட்டர் உயரத்துக்கு நிற்கும் தண்ணீரின் எடை தரும் அழுத்தம் அவ்வளவுதான். மணிக்கு 33 கிலோமீட்டர் வேகத்தில் வீசும் காற்று சுவரில் மோதி நின்றால் தருவதும் ஏறக்குறைய இதே அளவு. இந்த அழுத்தத்தில் வீட்டின் மொத்தக் காற்றும் ஒரு மணி நேரத்தில் எத்தனை முறை மாறுகிறது என்பதை ஓர் எண்ணாகச் சொல்வது வழக்கம். 1991இல் ஜெர்மனியின் டார்ம்ஸ்டட் நகரில் தொடங்கிய பாசிவ் ஹவுஸ் வகை வீடுகளுக்கு அந்த எண் 0.6ஐத் தாண்டக்கூடாது.

இப்போது கொல்லங்கோட்டில் ஓடு வேய்ந்த பழைய வீடு ஒன்றை மனத்தில் வைத்துக்கொள்வோம். 120 சதுர மீட்டர் தரை, சராசரி மூன்றரை மீட்டர் உயரம், ஆக 420 கன மீட்டர் காற்று. ஜன்னலுக்கு மேல் கம்பியும் வலையும் வைத்த வென்டிலேட்டர். சுவரும் கூரையும் சேரும் இடத்தில் கைவிரல் நுழையும் இடைவெளி. ஓட்டுக்கும் ஓட்டுக்கும் இடையே வெளிச்சம் தெரியும் கீற்றுகள். எல்லாவற்றையும் கூட்டினால் ஒரு சதுர மீட்டர் திறப்பு தாராளமாகத் தேறும். ஒரு சதுர மீட்டர் ஓட்டை வழியே 50 பாஸ்கலில் மணிக்கு 20,000 கன மீட்டர் காற்று பாயும். சாதாரணக் கசிவுமானி விசிறி தள்ளுவது சுமார் 9,000. அழுத்தம் குறைவாக இருக்கும்போது கொஞ்சம் கூட, 10,000 என்று வைப்போம். ஆகவே விசிறி முழு மூச்சாக ஓடியும் மானோமீட்டர் 12 பாஸ்கலில் நின்றுவிடும்.

‘ஐம்பதைத் தொடவில்லை’ என்பது இந்தக் கருவியை வைத்து வேலை செய்பவர்கள் எல்லா நாட்டிலும் சொல்லும் முதல் புகார். கருவி பழுது என்று அதை உடனே திருப்பி அனுப்ப வேண்டியதில்லை. முதலில் வீட்டைச் சுற்றி வர வேண்டும். குளியலறை ஜன்னலோ மச்சுக்குப் போகும் கதவோ திறந்து கிடக்கும். அதுவும் இல்லையென்றால் வீடு உண்மையிலேயே அவ்வளவு கசிகிறது. அப்போது கிடைத்த அழுத்தத்தில் எடுத்த அளவை 50க்கு நீட்டிக் கணக்கிடலாம். காற்றோட்டம் அழுத்தத்துக்கு நேர் விகிதத்தில் கூடுவதில்லை, அழுத்தத்தின் 0.65ஆம் அடுக்காகக் கூடுகிறது என்பது பல வீடுகளில் பார்த்த சராசரி. அதன்படி 12 பாஸ்கலில் கிடைத்த எண்ணை இரண்டரையால் பெருக்கினால் 50 பாஸ்கலுக்கான எண் வந்துவிடும்.

கொல்லங்கோட்டுக் காற்றில் இந்தப் பெருக்கல் எவ்வளவு நம்பத்தக்கது? இங்கேதான் கணவாய் குறுக்கே வருகிறது.

விசிறியை மூடி வைத்துவிட்டு மானோமீட்டரை மட்டும் பாருங்கள். வீட்டுக்கும் வெளிக்கும் அப்போது அழுத்த வேறுபாடே இருக்கக்கூடாது. ஆனால் மானோமீட்டர் பூஜ்யத்தில் நிற்காது. காற்று வீசும் பக்கத்துச் சுவரில் அழுத்தம் ஏறுகிறது, மறுபக்கத்தில் இறங்குகிறது, நடுவில் வீடு ஏதோ ஓர் அளவில் ஊசலாடுகிறது. வினாடிக்கு 3 மீட்டர் வேகத்தில் வரும் காற்றின் அழுத்தம் 5.4 பாஸ்கல். தென்னங்கீற்று சலசலக்கும் அளவுக்கான இளங்காற்று அது. வேகம் இரண்டு மடங்கானால் அழுத்தம் நான்கு மடங்கு: வினாடிக்கு 6 மீட்டரில் 21 பாஸ்கலுக்கு மேல். நம் ஓட்டு வீட்டில் விசிறி உண்டாக்கிய அழுத்தமே 12தான். அதில் காற்றின் கைவரிசை 5 பாஸ்கல் கூடவோ குறையவோ இருந்தால் உண்மை அளவு 7ஆகவும் இருக்கலாம், 17ஆகவும் இருக்கலாம். 7 என்றால் 3.6ஆல் பெருக்க வேண்டும். 17 என்றால் 2ஆல் பெருக்கினால் போதும். ஒரே வீட்டுக்கு 20,000 என்றும் 36,000 என்றும் இரண்டு விடை வரும். இரண்டையும் சான்றிதழில் அச்சடிக்க ஆள் இருப்பார்கள் என்பது வேறு விஷயம்.

ஐ.எஸ்.ஓ. 9972 என்ற பன்னாட்டுத் தரவிதி இதைப் பற்றிக் கறாராக இருக்கிறது. சோதனைக்கு முன்னும் பின்னும், விசிறியை மூடிய நிலையில், குறைந்தது அரை நிமிடம் மானோமீட்டரைப் பார்க்க வேண்டும். கூட்டல் குறியில் வந்த எண்களுக்குத் தனிச் சராசரி, கழித்தல் குறியில் வந்தவற்றுக்குத் தனிச் சராசரி. எந்தச் சராசரியும் 5 பாஸ்கலைத் தாண்டினால் சோதனை செல்லாது. குறிகளைத் தனித்தனியாகப் பிரிக்கச் சொன்னவர் யாரோ, அனுபவசாலி. ஒரு வினாடி +6, மறு வினாடி −6 என்று அடிக்கும் வீட்டில் மொத்தச் சராசரி எடுத்தால் பூஜ்யம் வந்து, எல்லாம் அமைதி என்று பொய் சொல்லும். தரைமட்டக் காற்று வினாடிக்கு 3 மீட்டரைத் தாண்டினாலே நல்ல அளவு கிடைப்பது அரிது என்றும் அதே விதி எச்சரிக்கிறது. ஆடி மாதத்து மதிய வேளையில் கொல்லங்கோட்டில் இந்த விதிக்கு அடங்கும் நேரம் தேடிப் பிடிக்க வேண்டும். விடிந்தும் விடியாத பொழுது, அல்லது இரண்டு பருவக்காற்றும் ஓய்ந்திருக்கும் இடைக்காலம், இவைதான் வழி.

இன்னொரு விதியைப் பார்த்தால் சிரிப்பு வருகிறது. உள்ளுக்கும் வெளிக்கும் உள்ள வெப்ப வேறுபாட்டைக் கட்டட உயரத்தால் பெருக்கினால் வரும் எண் 250ஐத் தாண்டக்கூடாது என்கிறது. சூடான காற்று மேலே ஏறி அளவைக் கெடுக்கும் என்ற கவலை. வெளியே உறைபனி, உள்ளே கணப்பு என்றிருக்கும் நாட்டில் நியாயமான கவலைதான். கொல்லங்கோட்டில் உள்ளுக்கும் வெளிக்கும் 3 டிகிரி வேறுபாடு, வீட்டு உயரம் 4 மீட்டர் என்றால் எண் 12தான். விதி எழுதியவர்களின் பெரிய தலைவலி நமக்கு இல்லை. அவர்கள் ஓரிரு வரியில் சொல்லிவிட்டுப் போன காற்றுதான் நமக்கு முழு நேர வேலை.

காற்றை நிறுத்த முடியாது; அதன் ஆட்டத்தைக் குறைக்கலாம். மானோமீட்டரிலிருந்து வெளியே போகும் குழாயின் முனையை ஒரே பக்கத்தில் விடாமல், நான்கு குழாய்களை ‘டீ’ இணைப்புகளால் சேர்த்து நான்கு பக்கச் சுவரோரமும் விட்டால் ஏற்ற இறக்கம் ஒன்றையொன்று ஈடுகட்டிக்கொள்ளும். குழாய் முனை விசிறியின் காற்று பாயும் பாதையில் இருக்கவே கூடாது. மானோமீட்டரில் ஒரு வினாடி, ஐந்து வினாடி, பத்து வினாடி என்று சராசரி எடுக்கும் வசதி இருக்கும். காற்று நாளில் நீண்ட சராசரிக்கே போக வேண்டும். எண் நிற்கவில்லையே என்று ஒரு வினாடிச் சராசரியில், எண் அழகாக வரும் நொடிக்காகக் காத்திருந்து குறித்துக்கொள்வது ஏமாற்று வேலை.

கருவியில் வரும் கோளாறுகளில் பெரும்பாலானவை விசிறியில் இல்லை. மோட்டாரை யாரும் சந்தேகிக்கத் தேவையில்லை. முதலில் பார்க்க வேண்டியது குழாய். மழைக்காலத்தில் வாசல்படி ஓரம் ஈரத்தில் கிடந்த குழாயை எடுத்து வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். உள்ளே ஒரு நீர்த்துளி, குழாயின் குறுக்களவை அடைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும். படுத்த குழாயில் அது அவ்வளவு கெடுதல் செய்யாது. குழாய் செங்குத்தாக ஏறும் இடத்தில் அந்தத் துளி நின்றால் கதை வேறு. 5 மில்லிமீட்டர் நீளமுள்ள துளி என்றால் அதன் எடை மட்டுமே 49 பாஸ்கல்! ஒரு வீட்டையே இழுத்துப் பிடித்து உண்டாக்க வேண்டிய அழுத்தத்தை ஒரு சொட்டுத் தண்ணீர் தனியாக நின்று காட்டிவிடும். மானோமீட்டரிலிருந்து குழாயைக் கழற்றி, வாயால் ஊதி, உதறிவிட்டு மறுபடி மாட்டினால் தீர்ந்தது. கழற்றாமல் ஊதினால் மானோமீட்டரின் உணரி போய்விடும். அதன் விலை கேட்டால் பிறகு யாரும் அவசரப்படமாட்டார்கள்.

வெயிலும் இதே குழாயில் வேலை காட்டும். மூன்று மீட்டர் உயரத்துக்குச் சுவரோடு ஏறும் குழாய் பங்குனி வெயிலில் சுற்றுக் காற்றைவிட 15 டிகிரி கூடச் சூடானால், உள்ளிருக்கும் காற்று லேசாகி 1.7 பாஸ்கல் பிழை தரும். நிழலில் போட்டால் போதும். கதவுக்கடியில் மாட்டி நசுங்கிய குழாய், காலில் மிதிபட்ட குழாய், எலி கடித்த குழாய் ஆகியவையும் உண்டு. எந்த நிறக் குழாய் எங்கே போகும் என்று மனப்பாடம் செய்து வைப்பதிலும் ஆபத்து இருக்கிறது. ஒரு நிறுவனம் விசிறிக்குக் கொடுக்கும் நிறத்தை இன்னொரு நிறுவனம் வெளிப்பக்கத்துக்குக் கொடுக்கும்.

மானோமீட்டரில் இரண்டு தடங்கள். ஒன்று வீட்டு அழுத்தத்தைப் பார்க்கிறது, மற்றது விசிறி வாயிலின் அழுத்தத்தைப் பார்த்துக் காற்றின் அளவாக மாற்றுகிறது. கசிவு குறைவான அறையில் விசிறி மெதுவாக ஓடும். வாயில் அழுத்தம் மிகக் குறைந்து எண் தள்ளாடும். அப்போது விசிறியின் முகத்தில் வளையத் தட்டு ஒன்றைப் பொருத்தி வாயைச் சிறிதாக்குவார்கள். வளையத்தைப் பொருத்திவிட்டு மானோமீட்டரில் அதைத் தெரிவிக்க மறப்பது மிகச் சாதாரணமாக நடக்கும் தவறு. கருவி திறந்த வாய் என்று நினைத்துக் கணக்குப் போட்டுப் பல மடங்கு கூடுதலான கசிவைக் காட்டும். வீட்டுக்காரர் பயந்துபோய் ஜன்னலையெல்லாம் மாற்றுவார்.

இரண்டு தடங்களும் சரியா என்று பார்க்க ஒரு ‘டீ’ போதும். இரண்டையும் ஒரே குழாயில் சேர்த்தால் ஒரே எண் வர வேண்டும். மொத்தக் கருவியையும் சோதிக்க ஓர் அட்டை போதும். 10 சென்டிமீட்டருக்கு 10 சென்டிமீட்டர் சதுரத் துளை வெட்டிய கெட்டி அட்டையை ஒரு ஜன்னலில் டேப் போட்டு ஒட்டுங்கள். துளையை மூடி ஓர் அளவு, திறந்து ஓர் அளவு, இரண்டும் 50 பாஸ்கலில். வேறுபாடு மணிக்கு 200 கன மீட்டருக்குப் பக்கத்தில் வர வேண்டும். கூர்விளிம்புத் துளை வழியே காற்று பாயும் விதியிலிருந்து நேரடியாக வரும் கணக்கு இது. எண் 400 என்றோ 90 என்றோ வந்தால் வளையத்தையும் குழாயையும் மறுபடி பார்க்க வேண்டும்.

பல அழுத்தங்களில் அளவெடுத்து வரைபடம் போட்டால் இன்னொரு துப்பும் கிடைக்கிறது. முன்பு சொன்ன 0.65 என்ற அடுக்கு எண் ஒவ்வொரு கட்டடத்துக்கும் மாறும்; ஆனால் 0.5க்கும் 1க்கும் நடுவில்தான் இருக்க முடியும். 0.5க்குக் கீழே போனால், அழுத்தம் கூடக் கூட ஏதோ ஒரு வழி தானாகவே அடைபடுகிறது. எக்ஸாஸ்ட் ஃபேனின் தகட்டு மூடி உள்ளே இழுபட்டு ஒட்டிக்கொள்வது நல்ல உதாரணம். 1க்கு மேல் போனால் ஏதோ திறந்துகொள்கிறது; பிளாஸ்டிக் தாளின் டேப் பெயர்ந்திருக்கும். காற்றை வெளியே இழுத்து ஒரு முறை, உள்ளே தள்ளி ஒரு முறை என்று இரண்டு திசையிலும் சோதிப்பதால் இத்தகைய கள்ள மூடிகள் பிடிபடும்.

மின்சாரம் பற்றிச் சுருக்கமாக. அமெரிக்காவிலிருந்து வந்த கருவி 110 வோல்ட்டா 220 வோல்ட்டா என்று பார்க்காமல் சொருகக்கூடாது. மெல்லிய வயரில் நீண்ட எக்ஸ்டென்ஷன் போட்டால் விசிறி முழு வேகம் எடுக்காது. வீட்டு இன்வெர்ட்டரில் ஓட்டிப் பார்க்கவே வேண்டாம்.

ஜன்னல் திறந்தே கிடக்கும் ஊரில் இதெல்லாம் எதற்கு என்று கேட்பது நியாயம். இந்தியாவில் வீடுகளுக்கான ஆற்றல் விதியான எக்கோ நிவாஸ் சம்ஹிதா (2018) கசிவைக் குறைக்கச் சொல்லவில்லை; வெப்ப ஈரப் பகுதிகளில் தரைப் பரப்பில் 16.66 சதவீதமாவது திறக்கக்கூடிய ஜன்னலாக இருக்க வேண்டும் என்கிறது. ஓட்டு வீட்டின் இடைவெளிகள் அந்த வீட்டின் குறை அல்ல, அதன் மூச்சு. அங்கே கசிவுமானியைக் கொண்டுபோய் மாட்டுவது அசட்டுத்தனம் என்றே சொல்வேன்.

கருவிக்கு இங்கே வேலை இருப்பது மூடியே ஆக வேண்டிய இடங்களில். வங்கி, மருத்துவமனை, மென்பொருள் நிறுவனங்களின் சர்வர் அறைகள் ஒரு வகை. தீப்பிடித்தால் அங்கே தண்ணீர் தெளிக்க முடியாது. தீயணைக்கும் வாயுவை நிரப்புவார்கள். என்.எஃப்.பி.ஏ. 2001 விதிப்படி, நிர்ணயித்த செறிவில் 85 சதவீதமாவது பத்து நிமிடம் அறையில் தங்க வேண்டும். ஒருகாலத்தில் ஹாலான் வாயுவை நிஜமாகவே திறந்துவிட்டுச் சோதித்தார்கள். ஹாலான் ஓசோன் படலத்தை அழிக்கிறது என்று தெரிந்து, 1987இன் மான்ட்ரியல் ஒப்பந்தத்துக்குப் பிறகு அந்த ஊதாரித்தனம் முடிவுக்கு வர, கதவில் விசிறி மாட்டும் சோதனை அந்த இடத்தைப் பிடித்தது.

பழம் பழுக்கவைக்கும் அறைகள் இன்னொரு வகை. கொல்லங்கோட்டுக்குப் பக்கத்திலேயே முதலமடை. நாட்டின் மற்ற மாம்பழங்கள் வருவதற்கு முன்பே சந்தைக்குப் போகும் மாங்காய் அங்கே விளைகிறது. பெரும்பகுதி காயாகவே வடக்கே லாரி ஏறுகிறது. கார்பைடு கல்லுக்குத் தடை வந்தபின் பழுக்கவைக்க அனுமதி உள்ளது 100 பிபிஎம் வரையிலான எத்திலீனுக்கு. 100 கன மீட்டர் அறைக்கு வெறும் 10 லிட்டர் வாயு. அறை கசிந்தால் அந்தப் பத்து லிட்டரும் குளிர்க்காற்றும் சேர்ந்து வெளியே போகும், மூலைப் பெட்டிகளில் காய் பச்சையாகவே நிற்கும்.

வீடுகளில் மிஞ்சுவது ஏசி போட்ட படுக்கையறை. நான்குக்கு மூன்றரை மீட்டர் அறை, 42 கன மீட்டர். பழைய வென்டிலேட்டர் அப்படியே இருக்க, பக்கத்தில் ஏசி ஓடும். ஏசி குழாய் போகும் சுவர்த்துளையைச் சுற்றிப் பூச்சு இருக்காது. இங்கே அளவெடுக்க, அறைக்கதவில் கருவியை மாட்டிவிட்டு வீட்டின் மற்ற கதவு ஜன்னல்களையெல்லாம் திறந்துவிட வேண்டும். இல்லையென்றால் பக்கத்து அறை வழிக் கசிவு கணக்கைக் குழப்பும். வென்டிலேட்டரின் நிகரத் திறப்பு 900 சதுர சென்டிமீட்டர் என்றால் அது ஒன்றே 50 பாஸ்கலில் மணிக்கு 43 முறை அறைக் காற்றை மாற்றிவிடும். குழாய்த் துளையின் இடுக்கு 16 சதுர சென்டிமீட்டர் இருந்தால் அதன் பங்கு ஒரு முறைகூட இல்லை. மின்பெட்டியில் டேப், ஜன்னல் இடுக்கில் நுரைப்பட்டை என்று, புகை இழுபடும் இடம் தேடி ஊதுவத்தியோடு அலைவதற்கு முன், பெரிய ஓட்டை எது என்று எண்ணே சொல்லிவிடுகிறது.

வென்டிலேட்டரைக் கண்ணாடியால் அடைத்து, மற்றதையும் சீர்செய்து, எண்ணை 6க்குக் கொண்டுவந்துவிட்டோம் என்று வைப்போம். சாதாரண நாளில் நடக்கும் காற்று மாற்றம் இதில் ஏறக்குறைய இருபதில் ஒரு பங்கு என்பது அமெரிக்க வீடுகளை வைத்து வந்த தோராயம். நம் அறைக்கு அது மணிக்கு 0.3 முறை, அதாவது 12 கன மீட்டருக்குச் சற்று மேல். தூங்கும் இருவர் மணிக்கு ஏறக்குறைய 25 லிட்டர் கரியமில வாயுவை வெளிவிடுகிறார்கள். ஸ்ப்ளிட் ஏசி அறைக் காற்றையே சுற்றிவிடுமே தவிர வெளிக்காற்று கொண்டுவராது. கூட்டிப் பார்த்தால் அறையில் அந்த வாயு, வெளியைவிட 2,000 பிபிஎம் கூடுதலான அளவை நோக்கி ஏறிக்கொண்டே இருக்கும். ஆகவே ஓட்டையை அடைக்கும் கொத்தனாரிடமே, படுக்கைக்கு எதிர்ச்சுவரில் மூடி வைத்த ஒரு சிறு துளையும், குளியலறையில் மெதுவாக ஓடும் எக்ஸாஸ்ட் ஃபேனும், அந்தக் குளியலறைக் கதவின் அடியில் ஒரு விரல் இடைவெளியும் விடச் சொல்ல வேண்டும். கிழக்குக் காற்று அடிக்கும் மாதங்களில் அந்த மூடியைச் சாத்திவைக்கலாம்; ஏசியும் அப்போது தேவைப்படாது, ஜன்னலைத் திறந்துவிடலாம்.